சங்கிலி பூட்டிய சக்கரங்கள்

அத்தியாயம் 14

நாச்சாரம் ரெசின் தொழிற்சாலையின் வாசலில், சேறு அப்பிய ரோபோவை மடியில் வைத்துக்கொண்டு கிரிஜா உட்கார்ந்திருந்தாள். போன வாரம் அங்கேதான் அவளை விட்டுவிட்டு வந்தோம்.

முந்தின நாள் மாலை அந்தத் தொழிற்சாலையின் பின்கட்டு வெடித்துச் சரிந்தது. எல்லாரும் ஓடி வந்துவிட்டார்கள். ஷிப்ட் பொறுப்பாளர் ஆனந்தகுமார் மட்டும் வரவில்லை. அவன் கிரிஜாவின் அண்ணன்.

பின்கட்டிலிருந்த பம்ப் அறையை எட்ட இப்போது ஒரே வழிதான் மிச்சம். தரைக்கடியில் குழாய்கள் ஓடும் ஒரு பாதை, வெடிப்பில் சரிந்து முழங்கால் உயரம்கூட மிஞ்சாதது. மீட்புக் குழுவின் கேமராக் கம்பி அதன் வளைவிலேயே முட்டி நின்றது. விடிகிற நேரத்தில் கிரிஜா தன் ரோபோவை அனுப்பிப் பார்த்தாள். அதுவும் வளைவைத் தாண்டவில்லை. எண்ணெய்ச் சேற்றில் பின்சக்கரங்கள் இரண்டும் வெறுமனே சுற்றிக்கொண்டே நின்றன. கயிற்றைப் பிடித்து வெளியே இழுக்க வேண்டியதாயிற்று.

அப்பா உலகநாதன் லோத்குண்டா வீட்டிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கியபோது வெயில் ஏறிவிட்டிருந்தது. கையில் ஒரு ஷூ டப்பா.

"இதானே பாரும்மா."

கிரிஜா மூடியைத் திறந்தாள். எண்ணெய்த் துணியில் சுற்றிய நாலு பல்சக்கரங்கள். இரண்டு சுருள் சங்கிலி. சின்னப் பிளாஸ்டிக் உறையில் இணைப்புக் கண்ணிகள். ஒன்றில்கூடத் துரு இல்லை.

"தூக்கிப் போட்டிருப்பான்னு நெனச்சேன்" என்றாள்.

"அவனா? அவன் பரண்ல போன வாரம்கூட ஏறினான். எதுக்குன்னு கேட்டேன். சும்மா எண்ணெய் போட்டு வைக்கறேம்ப்பா, அப்படின்னான்."

கிரிஜா சங்கிலியை விரலில் ஓட்டிப் பார்த்தாள்.

அந்த ரோபோவை அண்ணனும் தங்கையும் சேர்ந்துதான் செய்தார்கள். சாக்கடைக் குழாய்க்குள் மனிதன் இறங்காமல் பார்ப்பதற்கென்று செய்த வண்டி. பின்சக்கரம் இரண்டுக்கும் தனித்தனி மோட்டார். முன்சக்கரங்கள் சும்மா உருளும். அது போதாது என்றான் ஆனந்தகுமார். முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் செயினால் இணைத்தால் நாலும் இழுக்கும், மேடு பள்ளத்தில் மாட்டாது என்றான். கனம் கூடும், சத்தம் கூடும், நக்கோ, வேண்டவே வேண்டாம் என்றாள் கிரிஜா. பேச்சு வளர்ந்தது. ஒருநாள் அவன் மனைவி வசந்தகுமாரி இரண்டு பேரையும் நிறுத்திவைத்துக் கேட்டுவிட்டாள்:

"பிள்ளை பெத்தவரு பொம்மை வண்டி வச்சு விளையாடிக்கிட்டே இருந்தா எப்படி?"

அடுத்த மாதம் அவன் இந்தத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தான். திருமுல்கேரியில் இருக்கும் கிரிஜா அதற்குப் பிறகு லோத்குண்டா வீட்டுப் படி ஏறவில்லை.

வசந்தகுமாரி இப்போது தொழிற்சாலையின் இரும்புக் கேட்டுக்குப் பக்கத்தில், நேற்று மாலையிலிருந்து உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாமல் இருந்தாள். யார் கொடுத்த தண்ணீரையும் வாங்கவில்லை.

மீட்புக் குழு அதிகாரி கிரிஜாவிடம் வந்தார். தெலுங்கில்தான் பேசினார். முகத்தில் தூக்கமே இல்லை.

"அம்மா, உங்கிட்ட மறைக்கல. பின்சுவர் சாஞ்சுக்கிட்டே இருக்கு. அது தானா விழுந்தா பக்கத்துல இருக்கிற கிடங்கு மேல விழும். அங்கே அத்தனையும் கெமிக்கல் டிரம். இருட்டறதுக்குள்ள நாங்களே மெஷினை வச்சு இழுத்துத் தள்ளியாகணும்."

"இழுத்தா?"

"பம்ப் ரூம் மேல தொங்கற ஸ்லாபும் கூட வரும்."

"உள்ளே எங்கண்ணன் இருக்காரு சார்."

"உயிரோட இருக்கார்னு காட்டு. மேலேயிருந்து கையாலயே வெட்டி இறங்கறோம். தெரியாம என் ஆளுங்களை அந்த ஸ்லாபுக்குக் கீழே அனுப்ப மாட்டேன். இத்தனை நேரமாச்சு, ஒரு சத்தம்கூட வரலையே அம்மா."

அவருக்குப் பின்னால் தொழிற்சாலை மேனேஜர் ராகவேந்திரா நின்றிருந்தார். நேற்றிலிருந்து கேட்டவர்களிடமெல்லாம் சொன்னதையே இப்போதும் சொன்னார்: "ஆனந்த் ஒருத்தர்தான் சார் உள்ளே. வேற யாருமே இல்லை."

எதிர்ப்பக்கத்து லேத் பட்டறைக்காரர் தன் மேசையைக் காலி செய்து கொடுத்திருந்தார். கிரிஜா ரோபோவைக் கவிழ்த்துப் போட்டு நாலு சக்கரங்களையும் கழற்றினாள். ஒவ்வொரு சக்கரத்தின் உட்புறத்திலும் ஒரு பல்சக்கரத்தை வைத்துப் போல்ட்டால் முடுக்க வேண்டும். வைத்துப் பார்த்தாள். துளைகள் பொருந்தவில்லை. டிரில்லில் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம், ஆனால் பிடித்துக்கொள்ள இன்னொரு கை வேண்டும். சக்கரம் மேசையில் நழுவியது.

ஒரு கை வந்து சக்கரத்தை அழுத்திப் பிடித்தது.

"நான் புடிச்சுக்கறேன். நீ போடு" என்றாள் வசந்தகுமாரி.

கிரிஜா நிமிர்ந்தாள். அண்ணியின் கண்கள் வீங்கிப் போயிருந்தன. ஆனால் கை அசையவில்லை.

"டிரில் சுத்தும்போது விட்டுடாதீங்க அண்ணி."

"விடமாட்டேன்."

துளை போட்டார்கள். பல்சக்கரங்களை முடுக்கினார்கள். சக்கரங்களைத் திரும்ப அச்சில் ஏற்றினார்கள். இடப்பக்கம் முன்னும் பின்னுமாக இரண்டு பல்சக்கரங்களின் மேலும் சங்கிலியைச் சுற்றி, நீளம் பார்த்து, வேண்டாத கண்ணிகளின் ஊசியைத் தட்டி வெளியே தள்ளினாள் கிரிஜா. இரண்டு முனைகளையும் இணைப்புக் கண்ணியில் கோத்தாள். அதன் மேல் நகத்தளவு கிளிப் ஒன்றைப் போட வேண்டும்.

"இதோட வாய் எந்தப் பக்கம்?" என்றாள் வசந்தகுமாரி.

"செயின் ஓடற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம். இல்லேன்னா எதுலயாவது தட்டிக் கழண்டுடும்."

வசந்தகுமாரி இடுக்கியால் கிளிப்பை அழுத்தினாள். இடுக்கி வழுக்கி அவள் பெருவிரலைக் கவ்வியது. ரத்தம் சங்கிலியில் சொட்டியது. புடவைத் தலைப்பில் விரலைச் சுற்றிக்கொண்டு மறுபடி அழுத்தினாள். 'க்ளிக்' என்று உட்கார்ந்தது.

அவளுடைய போன் அடித்தது. பக்கத்து வீட்டில் விட்டு வந்த மகள் ஹர்ஷிதா. அந்தக் குழந்தை வீட்டில் தமிழைப் புரிந்துகொள்ளும், பதில் மட்டும் தெலுங்கில்தான் வரும்.

"மம்மி, டாடி எப்புடு வஸ்தாரு?"

அப்பா எப்போது வருவார். வசந்தகுமாரி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அத்தை வண்டியைச் சரி பண்ணிக்கிட்டிருக்கா கண்ணு. நீ சாப்பிட்டியா?"

குழந்தை என்ன சொன்னதோ, "சரி, சரி" என்று சொல்லி வைத்துவிட்டாள். அத்தை என்ற அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து கேட்டு வெகு காலம் ஆகியிருந்தது. கிரிஜா தலையைக் குனிந்துகொண்டு வலப்பக்கச் சங்கிலியைச் சுற்றினாள்.

கையால் சக்கரத்தை உருட்டிப் பார்த்தாள். இடப்பக்கம் நன்றாக ஓடியது. வலப்பக்கம் மூன்று சுற்றுச் சுற்றுவதற்குள் சங்கிலி பல்லை விட்டு எகிறிக் கீழே விழுந்தது.

"என்னாச்சு?"

"ரெண்டு ஸ்ப்ராக்கெட்டும் ஒரே கோட்டுல இல்லை. முன்னாடி இருக்கறது உள்ள தள்ளியிருக்கு."

திரும்பக் கழற்றி, அச்சில் இரண்டு வாஷர் சேர்த்துப் பல்சக்கரத்தை வெளியே தள்ளினாள். இப்போது எகிறவில்லை. ஆனால் சங்கிலி தொங்கியது. ஒரு கண்ணியை எடுத்தால் எட்டாது, எடுக்காவிட்டால் தொளதொளவென்று இருக்கும். முன் அச்சையே நகர்த்தியாக வேண்டும். அச்சு நிற்கும் தகட்டின் துளையை அரத்தால் நீளமாக ராவ ஆரம்பித்தாள்.

வெயில் சாயத் தொடங்கியிருந்தது, அப்போதுதான் தெருவின் மறுபக்கம் இயந்திரம் உறுமியது.

மஞ்சள் நிறத்தில் பெரிய தோண்டும் இயந்திரம். கேட்டுக்குள் நுழைந்து பின்சுவரை நோக்கி நகர்ந்தது. கிரிஜா அரத்தைப் போட்டுவிட்டு ஓடப் பார்த்தாள்.

"நீ போகாதே" என்றார் உலகநாதன். "அந்த வேலையை முடி."

ராணுவப் பட்டறையில் வண்டி பழுது பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். முழங்கால் வலியால் வீட்டில் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே யாராவது கை கொடுக்க வேண்டும். அவர் தெருவைக் கடந்து கேட்டுக்குள் போனார். இயந்திரத்தின் முன்னால், அதன் இரும்பு வாளி வந்து நிற்கும் இடத்தில், கையை ஊன்றிக் கஷ்டப்பட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, நகருங்கள், ஏன் உட்கார்ந்தீர்கள் என்று கத்தினான்.

"சாச்சா, ஹடோ! கைக்கு பைட்டே?"

"மேரா பேட்டா அந்தர் ஹை" என்றார் உலகநாதன், அமைதியாக. "மெஷின் பந்த் கர், பாய்."

என் மகன் உள்ளே இருக்கிறான், மெஷினை நிறுத்து. அவ்வளவுதான் சொன்னார். இரண்டு காவலர்கள் வந்து அவர் தோளைத் தொட்டார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. அதிகாரி தூரத்திலிருந்து பார்த்தார், சுவரைப் பார்த்தார், பிறகு கையை உயர்த்தினார். இயந்திரம் நின்றது.

"கொஞ்ச நேரம்தான்" என்று பட்டறைப் பக்கம் பார்த்துச் சத்தம் போட்டார். "அதுக்கு மேல முடியாது."

கிரிஜா ராவினாள். வசந்தகுமாரி தகட்டைப் பிடித்துக்கொண்டாள். அச்சை முன்னால் இழுத்து முடுக்கியதும் சங்கிலி நிமிர்ந்தது. விரலால் அழுத்தினால் லேசாக அமுங்கி எழுந்தது. கிரிஜா மின்சாரத்தைக் கொடுத்தாள். நாலு சக்கரங்களும் ஒன்றாகச் சுழன்றன.

ரோபோ குழாய்ப்பாதைக்குள் மறுபடி இறங்கியது. பின்னாலேயே கேபிளும் கயிறும் போயின. கிரிஜா கையில் கட்டுப்பாட்டுப் பெட்டி. எதிரே ஒரு பெட்டியின் மேல் வைத்த திரை. அதிகாரி, வசந்தகுமாரி, இன்னும் இரண்டு மீட்புக்காரர்கள் அதைச் சுற்றி நின்றார்கள். மேனேஜர் ராகவேந்திரா கேட்டுக்கு வெளியே தெருவில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார்.

திரையில் கறுப்புச் சேறு. விடியலில் நின்றுபோன அதே இடம். சக்கரங்கள் வழுக்கின. கிரிஜா மூச்சைப் பிடித்தாள். பின்சக்கரங்கள் சுற்றிய அதே நேரம் முன்சக்கரங்கள் எதிரே கிடந்த செங்கல்லின் விளிம்பைப் பற்றின. வண்டி முக்கி முனகி மேலே ஏறி, அந்தப் பக்கம் விழுந்தது.

"தாண்டிடுச்சு" என்றாள் வசந்தகுமாரி.

வளைவு. அதற்கப்பால் உடைந்த கான்கிரீட். சங்கிலி பல்லில் கடகடக்கும் சத்தம் ரோபோவின் மைக் வழியாக வந்துகொண்டே இருந்தது. ஓரிடத்தில் வண்டி கிட்டத்தட்டக் கவிழ்ந்தது. கிரிஜா பின்னால் எடுத்து, வேறு கோணத்தில் ஏற்றினாள். பாதை முடிந்தது. விளக்கு ஒரு அறைக்குள் விழுந்தது.

முதலில் தெரிந்தது ஒரு பூட்ஸ். அப்புறம் நீலச் சீருடைக் கால். இடுப்புக்கு மேல் ஒரு தூண் குறுக்கே கிடந்தது. அதற்கு அந்தப் பக்கம் ஒரு கை, உள்ளங்கை மேலே பார்த்தபடி.

"அவருதான்" என்றாள் வசந்தகுமாரி. குரலே இல்லாமல்.

கிரிஜா மைக்கின் பொத்தானை அழுத்தினாள்.

"அண்ணா. அண்ணா, நான்தான். கிரிஜா. கேக்குதா?"

கை அசையவில்லை. வண்டியைப் பக்கத்தில் கொண்டுபோய் முன்சக்கரத்தால் அந்த விரல்களை மெதுவாகத் தொட்டாள். விரல்கள் தள்ளிய பக்கம் நகர்ந்தன, விட்டதும் அப்படியே கிடந்தன.

அதிகாரி தொப்பியைக் கழற்றினார்.

"பானி..."

தண்ணீர் கேட்ட அந்தக் குரல் திரையிலிருந்து வந்தது. கிரிஜா திடுக்கிட்டு கேமராவைத் திருப்பினாள். அறையின் மூலையில், சுவரோடு சுவராக, ஒரு ஆள். நரை கலந்த தாடி, முகமெல்லாம் சிமெண்ட் தூசி. தலையில் ஷிப்ட் பொறுப்பாளரின் வெள்ளை ஹெல்மெட். காலில் நீலத் துணியால் இறுக்கிக் கட்டுப் போட்டிருந்தது. ஆனந்தகுமாரின் சட்டைத் துணி. வெளிச்சம் தாங்காமல் அவன் கண்களை மூடித் திறந்தான்.

"உயிரோட இருக்கான்!" அதிகாரி குனிந்து மைக்கில் இந்தியில் கேட்டார். "யார் நீ? உன் கூட எத்தனை பேர்?"

காண்ட்ராக்ட் கூலி என்றான். ஒடிசாக்காரன். பம்ப் அறையைக் கழுவ விட்டிருந்தார்கள். வேறு யாரும் இல்லை, சாரும் அவனும்தான்.

அவன் நிறுத்தி நிறுத்திப் பேசினான். அதிகாரி ஒவ்வொன்றாகக் கேட்டார். வசந்தகுமாரிக்கு இந்தி ஓரளவுதான் புரியும். ஆனாலும் எல்லாம் புரிந்தது.

சார் முதலில் வெளியே போய்விட்டார். இவன் கத்தியதைக் கேட்டுக் குழாய்ப்பாதை வழியாகத் தவழ்ந்து திரும்பி வந்தார். காலுக்குக் கட்டுப் போட்டார். இவனை இழுத்துக்கொண்டு கிளம்பும்போதுதான் இரண்டாம் தடவை வெடித்தது. தூண் விழுந்தது. அதற்கு அப்புறமும் சார் பேசிக்கொண்டேதான் இருந்தார்.

"எவ்வளவு நேரம்?"

"பக்கத்துக் கம்பெனியில காலைச் சங்கு ஊதற வரைக்கும், சாப். அதுக்கு முன்னாடி ஒரு மோட்டார் சத்தம் கேட்டுச்சு. கொஞ்சம் வெளிச்சம் வந்துச்சு, திரும்பப் போயிடுச்சு. நான் அழுதேன். சார் அழாதேன்னார். அது என் தங்கச்சி வண்டி, சத்தம் எனக்குத் தெரியும், அவ திரும்ப அனுப்புவான்னு சொன்னார்."

கிரிஜா கட்டுப்பாட்டுப் பெட்டியை இறக்கினாள். விடியலில் அண்ணன் உயிரோடு இருந்திருக்கிறான். சேற்றுக்கு அந்தப் பக்கம், பேசிக்கொண்டு, காத்துக்கொண்டு. அப்போதே இந்தச் சங்கிலி மாட்டியிருந்தால்.

அவள் அண்ணியைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை.

"இதை வெளியே எடுத்துடறேன்" என்றாள். "அவங்க மேலேயிருந்து வெட்டி இறங்கட்டும்."

"எடுக்காதே."

வசந்தகுமாரி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். பெருவிரலைச் சுற்றிய தலைப்பு ரத்தத்தில் நனைந்திருந்தது.

"அந்த ஆளு ராத்திரி பூரா இருட்டுல கெடந்திருக்கான். அவரும்தான். வெளிச்சம் அங்கேயே இருக்கட்டும். நீ அவன்கிட்டப் பேசிக்கிட்டே இரு, கிரிஜா."

கிரிஜா பொத்தானை அழுத்தினாள். "பாய், நாங்க இங்கேதான் இருக்கோம். ஆளுங்க வர்றாங்க" என்று இந்தியில் சொல்ல ஆரம்பித்தாள். அதிகாரி ஏற்கெனவே ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். முட்டுக் கொடுக்கும் கட்டைகள், கான்கிரீட் வெட்டும் கருவிகள். யாரோ ஓடினார்கள்.

போகிற போக்கில் அதிகாரி மைக்கில் இன்னொரு கேள்வி கேட்டார்.

"வெடிக்கறதுக்கு முன்னாடி புகை வந்ததுல்ல? எல்லாரும் ஓடும்போது நீ ஏன் ஓடல? அந்த ரூமுக்குக் கதவு இருக்கே?"

"தர்வாஜா பாஹர் ஸே பந்த் தா, சாப்" என்றான் அந்த ஆள். "சாரும் முதல்ல வெளியேயிருந்து ரொம்ப நேரம் தட்டிப் பார்த்தார்."

கதவு வெளியிலிருந்து பூட்டியிருந்தது.

அதிகாரி நின்றார். சுற்றும் முற்றும் பார்த்தார். மேனேஜர் அங்கே இல்லை.

வசந்தகுமாரி திரையை விட்டு நகர்ந்தாள். மாமனாரிடம் யாராவது சொல்லியாக வேண்டும். கிரிஜாவால் அந்த மைக்கை விட்டு வர முடியாது. தோண்டும் இயந்திரத்தின் முன்னால் உலகநாதன் இன்னும் அப்படியே உட்கார்ந்திருந்தார். மருமகள் வருவதைப் பார்த்ததும் அவர் கேட்கவில்லை. அவள் நடந்து வந்த விதமே போதுமாயிருந்தது. பக்கத்தில் தரையைத் தட்டினார். அவள் உட்கார்ந்தாள்.

"இன்னொருத்தரைக் காப்பாத்தப் போயிருக்காரு மாமா. அந்த ஆளு உயிரோட இருக்காரு."

"ஹவ்" என்றார் உலகநாதன். "ஹவ் மா." ஆமாம் என்று அந்த ஒரு சொல்லையே திரும்பத் திரும்பச் சொன்னார். வலிக்கும் முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குலுங்கினார். வசந்தகுமாரி அவர் முதுகில் கை வைத்துக்கொண்டு அழுகை அடங்கும்வரை இருந்தாள். அவளுக்கு இன்னும் கண்ணீர் வரவில்லை.

கேட்டுக்கு வெளியே ராகவேந்திரா தன் காரின் கதவைத் திறந்துகொண்டிருந்தார். திரையைச் சுற்றி நடந்த எதையும் அவர் கேட்டிருக்க முடியாது. ரோபோ உள்ளே போனதிலிருந்தே போனோடு தெருவில்தான் நின்றிருந்தார்.

வசந்தகுமாரி எழுந்து அவரிடம் போனாள்.

"சார், சாவி யார்கிட்ட இருந்துச்சு?"

அவர் திரும்பினார். கர்சீப்பால் கழுத்தைத் துடைத்தார்.

"அம்மா, நீங்க இப்போ இருக்கிற நிலைமைல..."

"சாவி சார்."

"பம்ப் ரூம் சாவியெல்லாம் என் பொறுப்பில்லைம்மா. செக்யூரிட்டியைத்தான் கேக்கணும்."

சொல்லிவிட்டுக் காரில் ஏறி உட்கார்ந்தார்.

வசந்தகுமாரி கார்க் கதவை மூட விடாமல் பிடித்துக்கொண்டாள். எந்த அறையின் சாவி என்று அவள் சொல்லவே இல்லை.